விசேஷம் தள்ளிப்போகிறதா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

கல்யாணமாகி ஒரு வருடம் ஆனாலே "விசேஷம் ஏதும் உண்டா?" என்று கேட்க ஆரம்பித்துவிடுவார்கள். கேட்பது பெரும்பாலும் மனைவியிடம்தான். டாக்டரிடம் போவதும் அவர்தான். ஸ்கேன், ஹார்மோனுக்கு ரத்தப் பரிசோதனை, கருக்குழாய் அடைப்பைப் பார்க்கும் எக்ஸ்ரே என்று எல்லாம் அவருக்கு நடந்து முடிந்திருக்கும். கணவருக்கு ஒரு சோதனைகூட எடுத்திருக்க மாட்டார்கள். எனக்கு மிகவும் வருத்தம் தருவது இதுதான்.

குழந்தை தாமதமாகும் தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஆண் பக்கத்திலும் காரணம் இருக்கிறது. விந்துப் பரிசோதனையில் ஊசி இல்லை, வலி இல்லை. விந்து வெளியேறாமல் 2 முதல் 7 நாள் இடைவெளி விட்டு மாதிரி கொடுத்தால் போதும். விந்தணு எண்ணிக்கை குறைவாக வந்தால் உடனே மனம் உடைய வேண்டாம், இன்னொரு முறை எடுத்துப் பார்க்க வேண்டும். ஒரு கடுமையான காய்ச்சல்கூட அதைக் குறைத்துவிடும். விந்தணு உருவாக இரண்டரை மாதம்போல ஆகிறது. அதனால் இன்று சிகரெட்டை விட்டால் பலன் மூன்று மாதம் கழித்துத்தான் தெரியும். ஜிம்மில் உடம்பை ஏற்ற டெஸ்டோஸ்டிரோன் ஊசி போடுபவர்கள் கவனிக்க வேண்டும்: ஆண்மைக்கு நல்லது என்று நினைத்துப் போடும் அந்த ஊசி, விந்தணு உற்பத்தியையே நிறுத்திவிடக்கூடும். டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

அடுத்தது நாள் கணக்கு. மாதவிலக்கு தொடங்கிய நாளிலிருந்து 14-ஆம் நாள்தான் கருமுட்டை வெளிவரும் என்று பலர் நம்புகிறார்கள். மாதவிலக்குச் சுழற்சி 28 நாளாக இருப்பவர்களுக்குத்தான் அது ஏறக்குறைய பொருந்தும். கணக்கைப் பின்னாலிருந்து போட வேண்டும்: அடுத்த மாதவிலக்குக்குச் சுமார் 14 நாள் முன்பு. 35 நாளுக்கு ஒருமுறை வருபவருக்கு அது 21-ஆம் நாளை ஒட்டி வரும். கருமுட்டை ஒரு நாளுக்கு மேல் தாங்காது. விந்தணுவோ உடலுக்குள் 5 நாள் வரை உயிரோடு இருக்கும். ஆகவே கருமுட்டை வெளிவரும் நாளும் அதற்கு முந்தைய 5 நாளும்தான் முக்கியம். வெள்ளைப்படுதல் முட்டை வெள்ளைக்கரு மாதிரி வழவழவென்று வந்தால் அந்த நாட்கள் நெருங்கிவிட்டன என்று அர்த்தம்.

அந்த ஒரு நாளுக்காக விந்தைச் 'சேர்த்து' வைப்பதும் தவறு. நாள் அதிகமானால் விந்தணுக்களின் வேகம் குறையும். அந்த வாரத்தில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் சேர்ந்தாலே போதும். உறவுக்குப் பின் காலைத் தூக்கி வைத்திருக்கத் தேவையில்லை. உமிழ்நீரை வழுவழுப்புக்குப் பயன்படுத்தாதீர்கள், விந்தணுவுக்கு ஆகாது.

ஃபோலிக் அமிலத்தைக் கரு தங்கிய பிறகு தொடங்கினால் தாமதம். குழந்தையின் மூளையும் தண்டுவடமும் உருவாகும் ஆரம்ப வாரங்களில் பலருக்குக் கரு தங்கியதே தெரியாது. முயற்சி தொடங்குமுன்பே தினமும் 400 மைக்ரோகிராம் எடுக்க வேண்டும். சினைப்பையில் நீர்க்கட்டியோடு உடல் எடையும் கூடுதலாக இருந்தால், எடையில் 5 முதல் 10 சதவீதம் குறைந்தாலே பலருக்குக் கருமுட்டை ஒழுங்காக வரத் தொடங்கும்.

எவ்வளவு நாள் காத்திருக்கலாம்? மனைவிக்கு 35 வயதுக்குள் என்றால் ஒரு வருடம், அதற்கு மேல் என்றால் 6 மாதம். மாதவிலக்கு இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் வருகிறது, முன்பு காசநோய் இருந்தது, கணவருக்குப் பொன்னுக்குவீங்கி வந்தபோது விதைப்பையும் வீங்கியது என்றால் இந்தக் கணக்கெல்லாம் வேண்டாம், உடனே போய்விடுங்கள். முதல் நாளே இருவரும் சேர்ந்து போங்கள்.