சுவரைத் தள்ளியது மண் அல்ல

கன்னியாகுமரி மாவட்டம் குலசேகரம் பக்கத்தில் எங்கள் வீட்டின் பின்புறம் செங்குத்தான மேடு, மேலே ரப்பர் தோட்டம். 2021 நவம்பர் மழையில் அது சரிந்து, அடுக்களைச் சுவர்வரை செம்மண் வந்து நின்றது. அவசரமாகக் கருங்கல் சுவர் கட்டினேன். அடுத்த மழைக்காலத்திலேயே சுவர் வயிறு தள்ளிவிட்டது.

கிணறு வெட்டிப் பழகிய அண்டை வீட்டுப் பெரியவர் கல்லிடுக்கில் விரலை விட்டுப் பார்த்தார். மழை ஓய்ந்து மூன்று நாளாகியும் விரல் நனைந்தது. “மக்களே, உள்ளே தண்ணீர் கட்டி நிற்கிறது. அதற்கு வழி விடு” என்றார். ஊறிய மண் கனக்கும். துகள்களுக்கிடையே நீரழுத்தம் ஏறினால் மண்ணின் பிடிமானமும் போய்விடும்.

கோடையில் சுவரைப் பிரித்துக் கட்டினோம். பின்னால் ஜல்லி, அடியில் துளையிட்ட பிவிசி குழாய். ஜல்லிக்கும் மண்ணுக்கும் நடுவே வடிகட்டும் துணி. அது இல்லாவிட்டால் சேறு புகுந்து எல்லாம் அடைத்துக்கொள்ளும். மேட்டுக்குள்ளும் துளைக்குழாய்கள் செருகினோம், வெளிவாய் தாழ்ந்திருக்கும்படி. உச்சியில் சிமென்ட் பூசிய வாய்க்கால் வெட்டி ஓடையில் சேர்த்தோம். பூசாத வாய்க்கால் மேட்டுக்கே நீர் ஊட்டும். ரப்பர் தோட்டத்தில் மழைநீர் தேங்குவதற்காக வெட்டியிருந்த குழிகளில் விளிம்பை ஒட்டியவற்றையும் மூடினேன்.

மேடு உயரமானால் பொறியாளரைக் கேட்காமல் கைவைக்காதீர்கள். எங்களுக்கு ஆண்டில் இரண்டு பருவமழை; ஜூனுக்கு முன்பும் அக்டோபருக்கு முன்பும் குழாய் வாய்களைக் குத்திச் சுத்தம் செய்கிறேன். தெளிந்த நீர் வந்தால் நிம்மதி. கலங்கி வந்தால் அன்றே பார்க்கிறேன்.