குடிப்பவரை நிறுத்த வைப்பது எப்படி: மருந்துக்கடையில் இருந்து சில வார்த்தைகள்

பாலக்கோட்டில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். "அண்ணா, சோத்துல தெரியாம கலந்து குடுக்கற மாத்திரை இருக்குதா?" என்று கேட்டு வருகிற பெண்களிடம் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அந்த மாத்திரையின் பெயர் டைசல்பிராம். மது உடம்பில் சிதையும்போது அசிட்டால்டிஹைடு என்ற நச்சு உண்டாகும். அது கரைந்து போகாமல் இந்த மருந்து தேக்கி வைக்கும். மாத்திரை போட்டது தெரியாமல் ஒருவர் குடித்தால் முகம் சிவந்து, வாந்தியெடுத்து, ரத்த அழுத்தம் விழுந்து, உயிரே போகலாம். அவர் சம்மதத்தோடு மருத்துவர் எழுதித் தந்தால் மட்டும் கொடுக்க வேண்டியது. ரகசியமாகக் கேட்டால் நான் தருவதில்லை. கோபித்துக்கொண்டு போகிறவர்கள் போகட்டும்.

அப்புறம், "நாளையில இருந்து தொடமாட்டேன்" என்ற சத்தியம். காலையிலேயே ஊற்றிக்கொள்கிற ஆள் என்றால் அதைக் கேட்டுச் சந்தோஷப்படுவதற்கு முன் மருத்துவரைப் பாருங்கள். மது மூளையை மந்தமாக்கும். தினமும் குடித்தால் அதை ஈடுகட்ட, மூளை தன்னை அமைதிப்படுத்தும் காபா என்ற ரசாயனத்தின் வேலையைக் குறைத்து, முடுக்கிவிடும் குளுட்டமேட் என்ற ரசாயனத்தின் வேலையைக் கூட்டிவிடும். அந்த நிலையில் குடியைச் சட்டென்று நிறுத்தினால், தொப்பூர் இறக்கத்தில் பிரேக் விட்டுப்போன லாரிதான்.

முதல் நாளே கை நடுங்கும், வியர்க்கும், தூக்கம் வராது. 2 நாளுக்குள் வலிப்பு வரலாம். 2 முதல் 4 நாளுக்குள் சிலர் இல்லாத ஆளோடு பேசுவார்கள், சுவரில் பூச்சி ஊர்கிறது என்பார்கள். காற்று கருப்பு என்று மந்திரிக்கக் கூட்டிப்போகாதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். இதெல்லாம் வராமல் இருக்கத்தான் முன்கூட்டியே தருமபுரி அல்லது கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகச் சொல்கிறேன். ஓசூர்க்காரர்களுக்குப் பெங்களூர் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை பக்கம். நடுக்கம் அடங்க மாத்திரையும், வைட்டமின் பி1-ம் தருவார்கள். அந்த அமைதி மாத்திரையும் பழக்கமாகிவிடும் சாமான்தான். பழைய சீட்டைக் காட்டி மறுபடி வாங்க வராதீர்கள்.

ஒரு வாரம் கழிந்தால் ஆள் தெளிந்துவிடுவார். வீட்டில் எல்லோரும் அசந்துவிடுவதும் அப்போதுதான். மூளையில் டோபமைன் என்று ஒன்று இருக்கிறது. "இது வேண்டும், மறுபடி தேடு" என்று பழக்குவது அதுதான். குடித்துக் குடித்துப் போதையின் சுகம் குறைந்த பிறகும், குடியை நினைவூட்டும் எதைக் கண்டாலும் அது கிளம்பிவிடும். தக்காளி மண்டியில் கைக்கு வரும் பணம், சனிக்கிழமைச் சம்பளம், கூடக் குடித்த கூட்டாளி, கடை இருக்கும் தெரு. யோசித்து நிதானிக்கும் முன்மூளை தேறுவதற்கோ மாதக்கணக்கில் ஆகும். அதனால் அறிவுரையை விட ஏற்பாடு முக்கியம். அவரிடமே பேசி, பணம் வங்கிக் கணக்குக்கு வருகிற மாதிரி செய்யுங்கள். மண்டிக்குப் போகிற நாளில் யாராவது கூடப் போங்கள், திரும்பும் வழியை மாற்றுங்கள், வயிறு காயவிடாதீர்கள். ஆசை எழும்பினால் அரைமணி நேரம் பேச்சுக் கொடுத்துத் தள்ளிப்போட்டாலே பெரும்பாலும் தணிந்துவிடும்.

மறுபடி குடித்துவிட்டால் பிள்ளைகள் முன்னால் திட்ட வேண்டாம். போதை தெளிந்ததும், எந்த இடத்தில், யாரோடு என்று கேட்டு வைத்துக்கொண்டு மருத்துவரிடம் சொல்லுங்கள். ராத்திரியில் யாரிடம் கேட்பது என்று தெரியாவிட்டால் 14416, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண். தமிழிலேயே பேசலாம்.