சாவியைத் திருப்பும் முன் பானட்டைத் திறவுங்கள்: பனிக்காலம் முழுக்க நின்ற காரில் நாம் செய்யும் தவறுகள்

ஊட்டியிலும் கோத்தகிரியிலும் கார்த்திகை முடியும்போது ஷெட்டுக்குள் போகும் கார்கள் நிறைய. பனி தாங்காத பெரியவர்கள் கோவையிலோ சென்னையிலோ இருக்கும் பிள்ளைகள் வீட்டுக்கு இறங்கிவிடுவார்கள். வண்டி மட்டும் மலையில் நிற்கும். மாசி வெயில் உறைக்கத் தொடங்கியதும் திரும்பி வந்து, பையை இறக்கிவைத்த கையோடு சாவியைப் போட்டுத் திருப்புவார்கள். செலவு அங்கேதான் ஆரம்பிக்கிறது. மூன்று மாதம் சும்மா நின்றதால் வரும் கோளாறைவிட, அந்த முதல் பத்து நிமிட அவசரத்தில் வரும் கோளாறு பல நேரம் பெரிது.

எலி கடித்த ஒயர் அப்படியே கிடக்கும்வரை பெரும்பாலும் யாருக்கும் தொந்தரவில்லை. தோல் உரிந்த இரண்டு செம்புக் கம்பிகள் ஒன்றையொன்று உரசிக்கொண்டிருந்தாலும், பல லைன்களில் இக்னிஷன் போட்டால்தான் கரண்ட் பாயும். ஃபியூஸ் போனால் அதிர்ஷ்டம். சென்சார் லைனில் தப்பான வோல்டேஜ் ஏறினால், இன்ஜினை இயக்கும் கம்ப்யூட்டரான ஈசியூவுக்கே ஆபத்து. இன்ஜின்மேல் கூடு கட்டியிருந்தால், எக்ஸாஸ்ட் சூடேறியதும் அந்தப் பஞ்சும் சருகும் புகையும், சில சமயம் தீயே பிடிக்கும். ஆகவே முதலில் பானட், கையில் ஒரு டார்ச், அப்புறம்தான் சாவி.

என்ன பார்ப்பது? புழுக்கை முதல் தடயம். அரை சென்டிமீட்டருக்குள் இருந்தால் சுண்டெலி. ஒன்றிலிருந்து இரண்டு சென்டிமீட்டர் என்றால் பெரிய எலி. அடுத்து பேட்டரிக்குப் பின்பக்கம், ஃபியூஸ் பெட்டியின் அடிப்பக்கம், இன்ஜினுக்கும் டேஷ்போர்டுக்கும் நடுவே இருக்கும் தகட்டோரம். வெதுவெதுப்பும் மறைவும் உள்ள இடங்கள் இவைதான்.

ஏர் ஃபில்டர் பெட்டியைக் கட்டாயம் திறக்க வேண்டும். பல கார்களில் நாலைந்து கிளிப்பைத் தட்டினால் மூடி வந்துவிடும். உள்ளே மடிப்பு மடிப்பான காகிதத்தின்மேல் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு குழிவு. சுற்றிலும் பானட்டின் உட்பக்கத்திலிருந்து பிய்த்த சாம்பல் நிறப் பஞ்சு, துண்டு துண்டான டிஷ்யூ பேப்பர், காய்ந்த கற்பூர மர இலை, ஓரத்தில் கொறித்துப்போட்ட கேரட் முனை. வெளியிலிருந்து பார்த்தால் பெட்டி புத்தம் புதிதாக இருக்கும். காகிதத்தில் ஓட்டை விழுந்திருந்தால் வண்டி ஓடும்போது அந்தப் பஞ்சு நேராக இன்ஜினுக்குள் போகும். கிளவ் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கும் கேபின் ஃபில்டரையும் இதே போல உருவிப் பாருங்கள். அதைப் பார்க்காமல் ப்ளோயரைப் போட்டால் கூடு மொத்தமும் தூளாகி முகத்தில் அடிக்கும்.

கண்ட குப்பையை ஏர்கன்னால் ஊதுவதும், பெருக்குமாற்றால் தட்டுவதும் அடுத்த தவறு. எலியின் சிறுநீரில் லெப்டோஸ்பைரோசிஸ் கிருமி இருக்கலாம். நாம் எலிக் காய்ச்சல் என்கிறோமே, அதுதான். கையில் சிராய்ப்பு இருந்தால் அந்த வழியாகவும், கண் வழியாகவும் உடம்புக்குள் போகும். பேட்டரியின் மைனஸைக் கழற்றிவிட்டு, கையுறை, மாஸ்க் போட்டுக்கொண்டு, கிருமிநாசினித் தண்ணீரைத் தெளித்து ஊறவிட்டு, ஈரத் துணியால் துடைத்தெடுங்கள். எலி போன தடத்தின் வாடை இன்னொரு எலியைக் கூப்பிடும் என்பதால், கூட்டை மட்டும் எடுத்துவிட்டு நிறுத்தினால் போதாது. அதற்காகப் பிரஷர் பம்ப் வைத்து இன்ஜினைக் கழுவ வேண்டாம். கடிபட்ட கனெக்டருக்குள் தண்ணீர் போனால் அது தனிக் கதை.

எலி ஏன் ஒயரைக் கடிக்கிறது? அதன் முன்பற்கள் சாகும்வரை வளர்ந்துகொண்டே இருக்கும். எதையாவது கடித்துத் தேய்த்துத்தான் ஆக வேண்டும். சோயா கலந்த இன்சுலேஷன்தான் எலியை இழுக்கிறது என்று ஒரு பேச்சு உண்டு, அமெரிக்காவில் வழக்குகூடப் போட்டார்கள். ஆனால் பிவிசி ஒயர் ஓடிய பழைய அம்பாசடரையும் ஜீப்பையும் எலி என்றைக்கு விட்டுவைத்தது? இடையில் மூஞ்சுறுமீது பழி போடாதீர்கள். கீச்கீச்சென்று சுவரோரம் ஓடும் அது பூச்சி தின்கிற ஜீவன். கடிப்பது எலி, சுண்டெலி, பெருச்சாளி, எப்போதாவது அணில்.

நம் ஊர் ஷெட்டுகளில் எலிக்குச் சாப்பாடு போடுவதே நாம்தான். ஒரு மூலையில் விதை உருளைக்கிழங்கு மூட்டை, இன்னொரு மூலையில் மாட்டுக்குப் பிண்ணாக்கு, நடுவில் கார். பக்கத்துத் தோட்டத்தில் கேரட்டும் முட்டைக்கோஸும் அறுத்து முடித்து நிலம் காலியாக, ராத்திரி உறைபனியும் கொட்டினால், எலி வேறெங்கே போகும்? காருக்குள் சீட் இடுக்கில் சிந்திய வர்க்கித் தூளே ஒரு சுண்டெலிக் குடும்பத்துக்குப் பல நாள் தாங்கும். ஆறு மில்லிமீட்டர் இடைவெளி இருந்தால் சுண்டெலி நுழைந்துவிடும் என்பதால், கதவை இறுக்கிச் சாத்தினேன் என்று நிம்மதியாக இருக்க முடியாது. மூட்டையை வேறு இடத்துக்கு மாற்றுவதும், சீட்டுக்கடியில் வேக்குவம் போடுவதும் கடையில் விற்கும் எந்த ஸ்பிரேயைவிடவும் வேலை செய்யும்.

புகையிலை, பாச்சை உருண்டை, புதினா எண்ணெய் எல்லாம் வாடை இருக்கும்வரைதான். மூன்று மாதம் ஆளில்லாத இடத்தில் அவை எதற்கும் உதவாது. பாச்சை உருண்டையை காருக்குள் போட்டால் வாடை ஏறித் தலைவலி உங்களுக்குத்தான். அல்ட்ராசானிக் கருவிக்கு எலி பழகிவிடும். ஹோண்டா கம்பெனி மிளகாய்க் காரம் ஏற்றிய டேப் ஒன்றை விற்கிறது. அதை ஒயரில் சுற்றுவதில் அர்த்தம் இருக்கிறது, ஆனால் சுற்றிய இடத்துக்கு மட்டும்தான் காவல். ஷெட் பூட்டும் வகையாக இருந்தால் பானட்டைத் திறந்தே வைத்துவிட்டுப் போவது எனக்குப் பிடித்த வழி. இருட்டும் மறைவும் போனால் பாதிக் கவர்ச்சி போய்விடும். காற்று இழுக்கும் குழாய் வாயில் கம்பி வலை கட்டுவதும் நல்லது. எடுக்க மறக்காமலிருக்க ஸ்டியரிங்கில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டிவிடுங்கள்.

விஷம் மட்டும் வேண்டாம். தின்ற எலி ப்ளோயருக்குள் போய்ச் செத்தால் டேஷ்போர்டையே கழற்ற வேண்டி வரும். வெளியே போய்ச் செத்தால் அதைத் தின்னும் ஆந்தையும் கீரியும் பக்கத்து வீட்டு நாயும் சேர்ந்து பலியாகும். பொறிதான் சரி, மசால் வடையோ சுட்ட கருவாடோ வைத்து, தினமும் பார்க்க ஓர் ஆளையும் ஏற்பாடு செய்யுங்கள்.

இனி பேட்டரி. குளிரில் பேட்டரி உறைந்து வெடிக்கும் என்று இணையத்தில் படித்துப் பயப்படுகிறவர்கள் உண்டு. அது கனடாவின் கவலை. பாதி சார்ஜ் இருந்தாலே அமிலம் உறைய மைனஸ் 20க்கும் கீழே போக வேண்டும். நம் தலைகுந்தாவிலோ காந்தலிலோ புல்லெல்லாம் வெள்ளையாகும் இரவுகூட பூஜ்யத்தைச் சுற்றித்தான் நிற்கும். இங்கே பேட்டரியைக் கொல்வது மெதுவான கசிவு. கார் பூட்டி நின்றாலும் அலாரம், கடிகாரம், சென்ட்ரல் லாக் எல்லாம் கொஞ்சம் குடித்துக்கொண்டே இருக்கும். 30 மில்லி ஆம்பியர் என்று வையுங்கள்: ஒரு நாளைக்கு 0.72 ஆம்பியர் ஹவர். சின்ன கார்களில் இருக்கும் 35 ஆம்பியர் ஹவர் பேட்டரி 24 நாளில் பாதியாகும், ஏழே வாரத்தில் காலி. ஜிபிஎஸ் டிராக்கரோ டேஷ்கேமோ இருந்தால் இன்னும் சீக்கிரம். காலியான நிலையில் நின்றால் தகடுகளில் சல்பேட் இறுகிவிடும், அப்புறம் எவ்வளவு சார்ஜ் போட்டாலும் பழைய பலம் வராது.

இதற்கு ஊரில் நடக்கும் வைத்தியம், வாரம் ஒரு முறை பக்கத்து வீட்டுப் பையனை அனுப்பி ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து அணைப்பது. ஒரு வாரம் கசிந்த சார்ஜை அந்த ஐந்து நிமிடம் முழுதாகத் திருப்பித் தராது. சைலன்சருக்குள்ளும் ஆயிலிலும் ஈரம் கோர்ப்பதுதான் மிச்சம். அரை மணி நேரம் ஓட்டத் தெரிந்த ஆள் இருந்தால் ஓட்டச் சொல்லுங்கள். இல்லையென்றால் மைனஸைக் கழற்றிவிட்டுப் போங்கள்.

கழற்றும்போது மைனஸ் முதலில், மாட்டும்போது மைனஸ் கடைசியில். மாற்றிச் செய்தால், பிளஸைத் திருகும் ஸ்பேனர் பாடியில் பட்டு நெருப்புப் பறக்கும். சாவியைக் காருக்குள் வைத்துவிட்டு மைனஸைத் தொடாதீர்கள். லாக் விழுந்தால் ஆபத்து. திரும்பி வந்ததும் மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள்: 12.6 வோல்ட் என்றால் முழுசு, 12.2 என்றால் பாதி, 12க்குக் கீழே என்றால் சார்ஜர் போடாமல் செல்ஃப் அடிக்க வேண்டாம். டெர்மினலில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருப்பதை வெந்நீரும் சோடா உப்பும் விட்டுக் கழுவி, காயவைத்து, கொஞ்சம் வாசலின் தடவுங்கள்.

இன்னொரு காரின் பேட்டரியிலிருந்து கேபிள் போட்டுக் கிளப்பும் ஜம்ப் ஸ்டார்ட்டில் கடைசி கறுப்பு கிளிப்பை செத்த பேட்டரியின் மைனஸிலேயே மாட்டுவது பலரின் பழக்கம். பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வரும், பக்கத்திலேயே பொறி பறக்கும். இன்ஜினின் பெயின்ட் இல்லாத இரும்பில், தள்ளி மாட்டுங்கள்.

மலைக்காரர்களுக்கே உரிய தவறு இன்னொன்று இருக்கிறது. பேட்டரி இறங்கிவிட்டதா, இறக்கம்தான் இருக்கிறதே, உருட்டிவிடு! பழைய டீசல் ஜீப் காலத்துப் புத்தி இது. இன்றைய வண்டியில் பெட்ரோல் பம்புக்கும் ஈசியூவுக்கும் கொஞ்சமாவது வோல்டேஜ் வேண்டும். சுத்தமாக இறங்கிய பேட்டரியோடு எவ்வளவு உருண்டாலும் பிடிக்காது. ஆட்டோமேட்டிக் வண்டிக்குப் பேச்சே இல்லை. இன்ஜின் ஓடாதபோது ஸ்டியரிங் கல்லாகிவிடும், பிரேக்கும் இரண்டு மூன்று மிதிக்குப் பிறகு உதவிக்கு வராது. நம் வீட்டு வாசல் சரிவுகள் எங்கே போய் முடிகின்றன என்று ஒருமுறை நினைத்துப் பாருங்கள்.

ஈரத்தைப் பற்றி ஒன்று மட்டும். வைப்பருக்குக் கீழே இருக்கும் துளைத் தட்டான ஜாலியில் சில்வர் ஓக் இலையும் சைப்ரஸ் சருகும் அடைத்தால், மழைத் தண்ணீர் ப்ளோயர் வழியாகக் கால் மிதியடிக்கு வரும். அங்கே ஒயரிங் ஓடுகிறது. மரத்தடியில் நிற்கும் வண்டிக்கு ஜாலியைச் சுத்தம் செய்வது பிளாஸ்டிக் கவர் போடுவதைவிட முக்கியம். காற்றுப் புகாத கவர் உள்ளே வேர்க்கும், எலிக்கும் கூடாரம் ஆகும்.

கடிபட்ட ஒயரை முறுக்கி டேப் ஒட்டுவது இந்த ஊர் மூடுபனிக்கு நிற்காது. சாலிடரோ கிரிம்ப்போ செய்து, சூட்டில் சுருங்கும் ட்யூப் போட்டு மூடச் சொல்லுங்கள். மஞ்சள் உறை போட்ட ஒயர் பெரும்பாலும் ஏர்பேக்குடையது, அதில் யாரும் கை வைக்கக் கூடாது. ஒரே ஃபியூஸ் திரும்பத் திரும்பப் போனால் பெரிய ஆம்பியர் ஃபியூஸ் போடுகிறேன் என்பவரிடமிருந்து சாவியை வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்து எரியப்போவது ஒயரிங். பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ்ஸின் விளக்கு அணையாமல் எரிந்தால் சக்கரத்துச் சென்சார் ஒயரும் கடிபட்டிருக்கலாம். 36 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள கல்லட்டி இறக்கத்தில் அதைச் சோதித்துப் பார்க்க வேண்டாம்.

எலி கடிக்கு இன்சூரன்ஸ் கிடைக்குமா என்பது உங்கள் பாலிசியில் எழுதியிருப்பதைப் பொறுத்தது. ஒயரைக் கழற்றும் முன் போட்டோ எடுங்கள், கம்பெனிக்குச் சொல்லுங்கள், சர்வேயர் பார்க்கட்டும். ரிப்பேர் முடித்துவிட்டுக் கேட்டால் நடக்காது. சின்ன பில் என்றால் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஐந்து வருடம் கிளெய்ம் இல்லாமல் சேர்த்த 50 சதவீத நோ கிளெய்ம் போனஸ், மூவாயிரம் ரூபாய் ஒயருக்காகப் போய்விட்டால் அடுத்த பிரீமியத்தில் அதைவிட அதிகம் கட்ட வேண்டி வரலாம்.