ஜப்பான் ஸ்போர்ட்ஸ் காருக்கு ஃபெண்டர் தேடுவது எப்படி: ஒருமுறை தப்பாக வாங்கியவன் எழுதுவது

என்னுடையது 1997 நிஸான் சில்வியா எஸ்14. ஜப்பானில் ஓடிவிட்டுக் கப்பலேறி வந்த வண்டி. முன்பக்க இடது ஃபெண்டர், அதாவது சக்கரத்துக்கு மேலே வரும் தகடு, டிங்கரிங்கில் தேறாத அளவுக்கு மடங்கிவிட்டது. மாற்றுவதற்கு இரண்டு வாங்கினேன். ஒன்று வண்டியில் இருக்கிறது, இன்னொன்று சுவரில் சாய்ந்து நிற்கிறது.

பழையதைக் கழற்றுவது 10 மி.மீ. சாக்கெட் வேலைதான், அதை விளக்கப் போவதில்லை.

1. முதலில் சேஸி எண்

ஜப்பான் உள்நாட்டுச் சந்தைக்குச் செய்த வண்டியில் 17 எழுத்து விஐஎன் (வண்டியின் அடையாள எண்) இருக்காது. மாடல் குறியீடு, ஒரு சிறு கோடு, அப்புறம் வரிசை எண், அவ்வளவுதான். பாகம் தேடும் தளங்களில் இந்தச் சேஸி எண்ணை இடுவதற்கென்று ‘ஃபிரேம் எண்’ கட்டம் இருக்கும். எனக்குப் பிடித்தது அமயாமா. எண்ணை இட்டால் உங்கள் வண்டிக்கான படமும் பாக எண்ணும் வந்துவிடும்.

நிஸான் பாக எண்ணில் முதல் ஐந்து இலக்கம் அது என்ன பாகம் என்று சொல்லும்: 63100 வலது முன் ஃபெண்டர், 63101 இடது, 65100 பானட். எந்த மாடலுக்கானது என்பது அடுத்த ஐந்தில் இருக்கிறது. இடது, வலது எல்லாம் இருக்கையில் உட்கார்ந்து முன்னே பார்க்கிறவருடைய இடது, வலதுதான். விற்பவர் ‘டிரைவர் பக்கம்’ என்று எழுதியிருந்தால் ஜப்பானில் அது வலது.

2. ஜென்கியா, கோகியா?

நான் சறுக்கியது இங்கேதான். ஒரே மாடல் பாதியில் முகம் மாறினால், மாறுவதற்கு முன் வந்ததை ஜென்கி என்றும் பின் வந்ததைக் கோகி என்றும் ஜப்பானியர் சொல்கிறார்கள். எஸ்14 வெளிவந்தது 1993-இல், முகம் மாறியது 1996-இல். ஹெட்லைட், பானட், பம்பர், ஃபெண்டர் என்று முன்பக்கம் மொத்தமும் வேறாகிவிட்டது.

என் வண்டி கோகி. ஜப்பானின் யாஹூ ஏலத் தளத்தில் நான் பார்த்த ஃபெண்டரின் தலைப்பில் ‘எஸ்14’ இருந்தது, நிறம்கூட அதே கறுப்பு. மொழிபெயர்ப்பில் ‘முற்பாதி’ என்று ஒரு சொல் வந்தது. அது ஜென்கியைத்தான் சொல்கிறது என்று தெரியாமல், ஏதோ விற்பனைக் கணக்கு போல என்று விட்டுவிட்டேன். வந்ததை மாட்டினால் கதவுப் பக்கம் அழகாக உட்கார்ந்தது, ஹெட்லைட் பக்கம் ஒட்டவே இல்லை. உருண்டையான ஜென்கி விளக்குக்கு வளைத்த தகடு, சரிந்த கோகி விளக்கோடு எப்படிச் சேரும்? ‘நோ கிளெய்ம், நோ ரிடர்ன்’ என்று விற்பவர் முன்பே எழுதியிருந்ததால் திருப்பிக் கொடுக்கவும் வழியில்லை.

இப்போதெல்லாம் விலையைப் பார்ப்பதற்கு முன் ஹெட்லைட்டைத் தொடும் ஓரத்தைப் படத்தில் பெரிதாக்கி, என் பழைய ஃபெண்டரோடு ஒப்பிட்டுவிடுகிறேன். அந்த ஓரம் தெரியாத படம் என்றால் கேட்டு வாங்குகிறேன். தராதவரிடம் வாங்குவதில்லை.

3. கம்பெனி பாகமா, வெளித் தயாரிப்பா?

‘ஜுன்செய்’ என்றால் கம்பெனி பாகம், ‘ஷகாய்’ என்றால் வெளித் தயாரிப்பு. கிடைக்கிறவரை பழைய ஜுன்செய் தகடுதான் என் தேர்வு. ஃபைபர் ஃபெண்டர் பார்க்க அழகாக இருக்கும், ஆனால் இடைவெளி சரியாக வரத் தேய்த்து, பட்டி பார்த்தே பாதி நாள் போய்விடும். அதை வாங்கினால் பெயிண்டுக்கு முன்பே ஒருமுறை மாட்டிப் பாருங்கள்.

ஸ்கைலைன் ஜிடி-ஆர் ஆர்32 வைத்திருப்பவர்கள் கொடுத்துவைத்தவர்கள். 2017-இல் நிஸானின் ரேஸிங் பிரிவான நிஸ்மோ அதன் பாகங்கள் சிலவற்றை மீண்டும் விற்கத் தொடங்கியது. டொயோட்டாவும் ஏ70, ஏ80 சுப்ராக்களுக்கு அப்படிச் செய்கிறது. எனக்கு ஏலம்தான் கதி.

4. அனுப்பும் கணக்கு

விமானத்தில் கூரியர்கள் எடையை மட்டும் பார்ப்பதில்லை. பெட்டியின் நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுத்து, வருவது நிஜ எடையைவிட அதிகமானால் அதற்குத்தான் கட்டணம் போடுவார்கள். பம்பர் பெட்டி 180 × 60 × 50 என்றால் 108 கிலோ! உள்ளே இருப்பதோ ஒருவரே தூக்கிவிடும் பிளாஸ்டிக். அஞ்சலகத்தின் விரைவு அஞ்சலான இஎம்எஸ்ஸில் நீளமே 1.5 மீட்டரைத் தாண்டக் கூடாது, பம்பர் அங்கேயே அடிபட்டுவிடும். கப்பலில் மற்றவர் சரக்கோடு சேர்த்து அனுப்பச் சொல்லுங்கள். வாரக்கணக்கில் காத்திருக்கத்தான் வேண்டும்.

பின்சேர்க்கை: ஏலத்தில் பம்பரை வென்ற பிறகு, தனியார் வீட்டுக்கு அனுப்ப முடியாது என்று விற்பவர் மறுத்துவிட்டதாக ஒரு வாசகர் எழுதியிருந்தார். ஜப்பானில் பெரிய பாகங்களுக்கு இது வழக்கம்தான். சரக்கு நிறுவனத்தின் கிளை வரை அனுப்புவார்கள், இல்லையென்றால் ஒரு நிறுவன முகவரி கேட்பார்கள். உங்களுக்காக வாங்கித் தரும் இடைத்தரகர் அந்த அளவுப் பெட்டியை வாங்கி வைப்பாரா என்பதை ஏலம் கேட்கும் முன்பே உறுதி செய்துகொள்ளுங்கள்.

இன்னொன்று: ஒரே நிறக் குறியீடு என்றால் பெயிண்ட் அடிக்காமல் மாட்டலாமா என்று பலர் கேட்கிறீர்கள். இருபது வருட வெயில் இரண்டு வண்டிகளில் ஒரே மாதிரி விழுந்திருக்காது. சுவரில் சாய்ந்திருக்கும் அந்த ஃபெண்டரும் என் வண்டியின் அதே கறுப்புதான். பக்கத்தில் வைத்தால் சாம்பல் மாதிரித் தெரிகிறது.