'ரெஸ்பெக்ட்' பாட்டை இரண்டு பேரிடமும் கேட்பது எப்படி

'ரெஸ்பெக்ட்' பாட்டு என்றதும் அமெரிக்கப் பாடகி அரீத்தா ஃப்ராங்க்ளின் குரல்தான் காதில் ஒலிக்கும், அதில் தப்பே இல்லை. ஆனால் அந்தப் பாட்டை எழுதி முதலில் பாடியவர் இன்னொரு அமெரிக்கப் பாடகர் ஓட்டிஸ் ரெட்டிங், 1965இல். அரீத்தா பாடியது 1967இல். அதாவது ஊர் உலகத்துக்கெல்லாம் தெரிந்த அந்தப் பாட்டு ஒரு கவர், இன்னொருவர் பாட்டை எடுத்துத் தன் பாணியில் பாடியது. இது தெரிய வந்ததும் பெரும்பாலானவர்கள் ஓட்டிஸின் பதிவைத் தேடிப் போடுவார்கள், ஒரு நிமிஷம் கேட்பார்கள், "என்னப்பா, ஆர், ஈ, எஸ், பி என்று வரும் அந்த எழுத்துக்கூட்டல் வரவே இல்லையே" என்று நிறுத்திவிடுவார்கள். நானும் அப்படித்தான் நிறுத்தினேன், அதுவும் தப்பான பதிவைப் போட்டுவிட்டு. அரை மணி நேரமும் ஒரு ஹெட்போனும் இருந்தால் போதும். இரண்டு பாட்டையும் சேர்த்தாலே ஐந்து நிமிஷம் வராது, மிச்ச நேரமெல்லாம் திரும்பத் திரும்பக் கேட்கத்தான்.

முதலில் சரியான பதிவை எடுங்கள். ஓட்டிஸுடையது 'ஓட்டிஸ் ப்ளூ' என்ற 1965 ஆல்பத்தில் இரண்டாவது பாட்டு. வெறுமனே பாட்டின் பெயரைத் தட்டித் தேடினால் 1967 ஜூனில் அமெரிக்காவின் மான்டரே இசை விழா மேடையில் அவர் பாடியது வந்து நிற்கலாம். அதில் பாட்டு தலைதெறிக்க ஓடும். அருமையான மேடைதான், ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க உதவாது, நான் ஏமாந்தது அங்கேதான். அரீத்தாவுடையது 'ஐ நெவர் லவ்ட் எ மேன் தி வே ஐ லவ் யூ' ஆல்பத்தின் முதல் பாட்டு. அதற்கும் ஏகப்பட்ட மேடைப் பதிவுகள் உண்டு, அவற்றைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இப்போது ஓட்டிஸை மட்டும் மூன்று முறை கேளுங்கள். நடுவில் அரீத்தா பக்கம் போகவே கூடாது. கொஞ்சம் கஷ்டம்தான், ஏனென்றால் மனசு தானாகவே அரீத்தா பாடும் இடங்களை இட்டு நிரப்பப் பார்க்கும்.

முதல் முறை வார்த்தைகளை விட்டுவிட்டு வாத்தியங்களை மட்டும் கேளுங்கள். மெம்ஃபிஸ் நகரத்தில் ஸ்டாக்ஸ் என்ற இசைத்தட்டுக் கம்பெனியின் ஸ்டூடியோவில் எடுத்தது இது. அந்த ஸ்டூடியோ ஒரு பழைய சினிமா தியேட்டர். சரிவான தரையைக்கூட அப்படியே விட்டுவைத்திருந்தார்கள். டிரம்ஸ் அல் ஜாக்சன் ஜூனியர். ஒரு தட்டைக்கூட விடாமல் ஸ்னேர் என்ற டிரம்மை அறைந்துகொண்டே போகிறார், யாரோ பூட்டிய கதவைத் தட்டுவது மாதிரி. அப்புறம் டிரம்பெட், சாக்ஸஃபோன். பின்பாட்டுக்காரர்கள் செய்ய வேண்டிய வேலையில் பாதியை இங்கே அவைதான் செய்கின்றன. ஓட்டிஸ் ஒரு வரி பாடி நிறுத்தினால் பதில் ஊதுகின்றன.

இரண்டாவது முறை வார்த்தைகள். வேலை முடிந்து வீட்டுக்கு வரும் ஒரு ஆள் பேசுகிறான். உனக்கு வேண்டியதெல்லாம் தருகிறேன், பணத்தையெல்லாம் கொடுக்கிறேன், நான் இல்லாதபோது நீ எனக்குத் துரோகம் செய்தால்கூடப் போகட்டும், வீட்டுக்கு வரும்போது கொஞ்சம் மதிப்பு கொடு, இதுதான் சாரம். பாதி மிரட்டல், பாதி கெஞ்சல். குரலைக் கவனித்தால் கெஞ்சல்தான் ஒரு படி மேலே நிற்கும்.

மூன்றாவது முறை பாட்டின் கட்டமைப்பு. சரணம், சரணம், மறுபடி சரணம். நடுவில் பாதை மாறும் பிரிட்ஜ் கிடையாது, வாத்தியங்கள் தனியாக வாசிக்கும் இடமும் கிடையாது. பொறுமை இல்லாத மனுஷன், சொல்ல வந்ததைச் சொல்லிவிட்டுப் போகிறான். இந்த மூன்றும் காதில் பதிந்தால்தான் அடுத்தது புரியும்.

சரி, இப்போது ஒரு காகிதம் எடுத்துக்கொண்டு அரீத்தாவைப் போடுங்கள். ஓட்டிஸிடம் இல்லாதது எதுவெல்லாம் வருகிறதோ அதை மட்டும் குறியுங்கள். எது உசத்தி என்ற பஞ்சாயத்தை இப்போதைக்கு ஓரமாக வையுங்கள்; அதை ஆரம்பித்தால் காது மூடிக்கொள்ளும்.

முதலில் மாட்டுவது பின்பாட்டு. பாடுவது அரீத்தாவின் தங்கை கரோலினும் அக்கா எர்மாவும். ஓட்டிஸின் பதிவில் 'ஹே ஹே' என்று பின்னால் ஒரு குரல் வரும், அவ்வளவுதான். இங்கே அக்கா தங்கை கூட்டணி சேர்ந்துகொண்டு ஒவ்வொரு வரிக்கும் எடுத்துக் கொடுக்கிறது. அவர்கள் 'ரீ, ரீ, ரீ, ரீ' என்று பாடுவதைத் தனியாகக் கேளுங்கள். அது ரெஸ்பெக்ட் என்ற சொல்லின் தலை, கூடவே அரீத்தாவின் செல்லப் பெயரும் ரீதான்! பாதிரியார் வீட்டுப் பெண்கள், டெட்ராய்ட் சர்ச்சில் ஒருவர் சொல்ல மற்றவர்கள் பதில் சொல்லிப் பாடி வளர்ந்தவர்கள். அந்தப் பழக்கம் அப்படியே இறங்கியிருக்கிறது. பியானோ வாசிப்பதும் அரீத்தாதான்.

அடுத்தது நடுவில் வரும் சாக்ஸஃபோன். ஊதுவது கிங் கர்டிஸ். அந்த இடத்தில் பாட்டு சட்டென்று வேறு வீட்டுக்குள் நுழைந்துவிட்ட மாதிரி இருக்கும். சி மேஜர் ஸ்கேலில் போய்க்கொண்டிருந்தது எஃப் ஷார்ப் மைனர் ஸ்கேலுக்குத் தாவுகிறது. கீபோர்டு இருந்தால் இரண்டையும் அழுத்திப் பாருங்கள், எவ்வளவு தூரம் என்று தெரியும். அந்த இடத்தின் கார்டு வரிசை, அதாவது சேர்த்து அழுத்தும் சுரக்கூட்டங்களின் வரிசை, அப்போது புதிதாக வந்திருந்த சாம் அண்ட் டேவ் என்ற ஜோடியின் பாட்டு ஒன்றிலிருந்து எடுத்தது, அதுவும் ஸ்டாக்ஸ் சரக்குதான். ஓட்டிஸ் பாட்டில் இல்லாத பிரிட்ஜை ஓட்டிஸின் கம்பெனியிலிருந்தே எடுத்துவந்து ஒட்டியிருக்கிறார்கள்.

மூன்றாவது, எல்லோருக்கும் தெரிந்த எழுத்துக்கூட்டல். வாத்தியங்களெல்லாம் நின்று நின்று அடிக்க, ஆர், ஈ, எஸ், பி, ஈ, சி, டி என்று ஒவ்வொரு எழுத்தாக வைக்கிறார். இது ஓட்டிஸ் எழுதியதில் கிடையாது. முக்கால் பாட்டு முடிந்த பிறகுதான் வருகிறது, ஒரே ஒரு இடத்தில்தான் வருகிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். நம் நினைவில் என்னவோ பாட்டு முழுக்க அதுவாகவே இருக்கிறது. உடனே பின்பாட்டில் 'சாக் இட் டு மீ' மூச்சுவிடாமல் கொட்டும், அது அந்தக் காலத்துத் தெருப்பேச்சு.

கடைசியாக வார்த்தைகள். இதில்தான் நான் அதிக நேரம் செலவழித்தேன். ஓட்டிஸ், நான் இல்லாதபோது நீ துரோகம் செய்தாலும் சரி என்கிறார். அரீத்தா அதே இடத்தில், நீ இல்லாதபோது நான் உனக்குத் துரோகம் செய்ய மாட்டேன், ஏனென்றால் எனக்கு அதில் விருப்பமில்லை என்று திருப்புகிறார். பயமோ கடமையோ காரணமில்லை, விருப்பமில்லை, அவ்வளவுதான். பணம் தருகிறேன் என்ற வரியை மட்டும் தூக்கவில்லை. ஆக வீட்டில் பணம் வைத்திருப்பதும் அவள்தான், பதிலுக்கு 'ப்ராப்பர்ஸ்' கேட்பதும் அவள்தான், எனக்குச் சேர வேண்டிய மரியாதை என்று பொருள். கொஞ்சம் கொடேன் என்று வார்த்தை சொன்னாலும் குரல் கேட்பது பாக்கியை.

இந்தக் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு மறுபடி ஓட்டிஸைப் போடுங்கள். முதலில் குறையாகத் தெரிந்த இடங்களெல்லாம் இப்போது வேறு மாதிரி கேட்கும். துணைக்கு எடுத்துக் கொடுக்கும் குரல்கள் இல்லாததால் அந்த ஆள் தனியாக நிற்கிறான், கேட்டது கிடைக்காது என்று அவனுக்கே தெரியும் போலிருக்கிறது. எனக்கு இந்த நாலாவது தடவையில்தான் அந்தப் பதிவு பிடித்தது.

எண்கள் வேண்டுமென்றால், ஓட்டிஸின் பதிவு பில்போர்டு என்ற அமெரிக்க ஹிட் பாட்டுப் பட்டியலில் 35ஆம் இடம் வரை வந்தது. அரீத்தாவுடையது 1967 ஜூனில் முதலிடம். அதே மாதம் மான்டரே மேடையில் ஓட்டிஸ், இது ஒரு பெண் என்னிடமிருந்து எடுத்துக்கொண்டு போன பாட்டு என்று சிரித்தபடி சொல்லிவிட்டுத்தான் பாடினார். அந்த டிசம்பரில் விமான விபத்தில் இறந்துபோனார், வயது 26. பாட்டு போனாலும் எழுதியவர் என்ற உரிமை போகவில்லை. அமெரிக்காவில் சாதாரண வானொலியில் ஒரு பாட்டு ஒலித்தால் எழுதியவர் பக்கத்துக்குப் பணம் உண்டு, பாடியவருக்குக் கிடையாது. அரீத்தாவின் 'ரெஸ்பெக்ட்' அங்கே எத்தனை தடவை ஒலித்தாலும் காசு போனது ஓட்டிஸின் குடும்பப் பக்கத்துக்குத்தான்.

காது பழகிவிட்டதென்றால் 'ஓட்டிஸ் ப்ளூ'விலேயே இன்னொரு வேலை இருக்கிறது. ரோலிங் ஸ்டோன்ஸ் என்ற இங்கிலாந்து ராக் குழு 1965இல் வெளியிட்ட 'சாட்டிஸ்ஃபேக்ஷன்' பாட்டை அதே வருஷம் ஓட்டிஸ் இந்த ஆல்பத்தில் தன் பாணியில் பாடியிருக்கிறார், எடுத்துக்கொண்டவர் இந்த முறை அவர். ரோலிங் ஸ்டோன்ஸை மூன்று முறை கேட்டுவிட்டு இதற்கு வாருங்கள், அங்கே கரகரவென்று கிட்டார் வாசிக்கும் அந்த மெட்டை இங்கே யார் வாசிக்கிறார்கள் என்பதிலிருந்து ஆரம்பிக்கலாம்.