அண்ணனை மொழிபெயர்க்க உட்கார வைக்காதீர்கள்: இடம்பெயர்ந்த இளையோரிடம் பணியாற்றுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கூடாரத்துக்குள் பதினாறு வயதுப் பெண் ஒருத்தி. எதிரே சமூகப் பணியாளர். நடுவில், மொழிபெயர்க்க அவளுடைய அண்ணன். அவள் பாயின் ஓரத்தைப் பிய்த்தபடி நெடுநேரம் ஏதோ சொல்கிறாள். "பிரச்சினை ஒன்றும் இல்லையாம்" என்று அண்ணன் முடித்துவிடுகிறான். பணியாளரும் அதையே படிவத்தில் எழுதிக்கொண்டு அடுத்த கூடாரத்துக்குப் போய்விடுகிறார்.

போரால் இடம்பெயர்ந்த இளையோரிடையே நடக்கும் பணியில் என்னை மிகவும் வருத்தும் தவறு இது. வீட்டுக்குள் நடப்பதை வீட்டு ஆளை வைத்துக்கொண்டு யாரால் சொல்ல முடியும்? ரகசியம் காப்பதாக உறுதி தந்த வெளியாள் வேண்டும். ஆணா பெண்ணா, எந்த ஊர்க்காரர் என்பதை அந்தப் பெண்ணிடமே கேளுங்கள். மோதலில் எதிர்த்தரப்பாக இருந்தவர் மொழிபெயர்க்க வந்தால் அவள் வாய் திறக்கவே மாட்டாள்.

அதற்காகத் துருவித் துருவிக் கேட்கவும் கூடாது. உலக சுகாதார நிறுவனம் 2011இல் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேடு, நடந்ததைச் சொல்லும்படி யாரையும் வற்புறுத்தாதீர்கள் என்கிறது. ஆனால் அவளாகவே பாலியல் வன்முறை பற்றிச் சொன்னால் நேரம் மிக முக்கியம். வன்முறை நடந்ததிலிருந்து எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள்ளும் அவசரக் கருத்தடை மாத்திரையை 120 மணி நேரத்துக்குள்ளும் தொடங்க வேண்டும். எவ்வளவு விரைவோ அவ்வளவு நல்லது. எந்த மருத்துவமனையில் இவை கிடைக்கும் என்று தெரியாமல் கூடாரத்துக்குள் நுழையாதீர்கள். சட்டப்படி நீங்கள் புகார் செய்தே தீர வேண்டிய நிலை இருந்தால், அதை அவள் பேசத் தொடங்குமுன்பே சொல்லிவிடுங்கள்.

பாலினம் என்றாலே பெண்பிள்ளைகள் என்று நினைப்பது இன்னொரு தவறு. தடுப்புக்காவலிலும் ஆயுதக் குழுக்களிலும் பையன்களும் பாலியல் வன்முறைக்கு ஆளாகிறார்கள். 'பெண்களுக்கு மட்டும்' என்ற பலகை தொங்கும் அறைக்கு அவர்கள் எப்படி வருவார்கள்? அப்பாவை இழந்த பதினைந்து வயதுப் பையன் பள்ளியை விட்டுவிட்டுக் கூலிக்குப் போகிறான். அவனை வருங்காலக் கலகக்காரனாகப் பார்க்கும் கண்ணை முதலில் மாற்றிக்கொள்ள வேண்டும்.

பெண்கள் தண்ணீருக்கு வரிசையில் நிற்கும் நேரத்தில் பயிற்சி வைத்துவிட்டு, 'பெண்களுக்கு ஆர்வமில்லை' என்று அறிக்கை எழுதுவதையும் பார்க்கிறோம். வேலை எப்போது ஓயும், கைக்குழந்தையை யார் பார்த்துக்கொள்வார்கள் என்று கேட்டால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

கழிப்பறையும் அப்படித்தான். 20 பேருக்கு ஒன்று என்பது மனிதநேயப் பணிக்கான ஸ்பியர் தரநிலை. எண்ணிக்கை சரியாக இருந்தாலும் உள்தாழ்ப்பாளும் விளக்கும் இல்லையென்றால், இரவில் போகப் பயந்து பெண்கள் மாலையிலிருந்தே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவார்கள். முகாமின் வரைபடத்தை அவர்களிடம் கொடுத்து, பயப்படும் இடங்களில் புள்ளி வைக்கச் சொல்லுங்கள். பையன்களிடம் தனியாக இன்னொரு தாளைக் கொடுங்கள். இரண்டிலும் புள்ளி விழுந்த இடத்தில் அந்த வாரமே விளக்குப் போடுங்கள்.