தீபாவளிக்கு அடித்த மோல்டிங் தைப்பூசத்துக்குள் ஏன் வாய் பிளக்கிறது? மரம் வாங்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தைப்பூசம் முடிந்த கையோடு, மலேசியாவின் பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட் மாதிரியான தோட்டப் பட்டணங்களில் மரக்கடைக்கு ஒரு கூட்டம் வரும். கையில் கைப்பேசி, அதில் கதவு நிலையைச் சுற்றி அடித்த மோல்டிங்கின் (ஓரத்தை மறைக்கிற அலங்கார மரச்சட்டத்தின்) மூலை விரிந்து கிடக்கிற படம். "மரம் சரியில்லை, மாற்றிக் கொடுங்கள்" என்பார்கள். பெரும்பாலும் மரத்தில் குறை இருக்காது, அடித்த நேரத்தில்தான் இருக்கும். புதிதாகக் கொண்ட்ராக்ட் எடுக்கிற பிள்ளைகள், வீட்டைத் தாங்களே புதுப்பிக்கிறவர்கள், கோயில் கதவுக்கு உபயம் எடுத்தவர்கள் என்று ஆள்தான் மாறுகிறார்கள், தவறு அதேதான். சரியாக அள, கூரான வாளை வைத்து அறு என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும், அதை விட்டுவிடலாம்.

டன் விலையை மட்டும் கேட்பது

அறுத்த மரத்தில் 1 டன் என்பது எடை இல்லை. 50 கன அடி. எத்தனை அடி நீளம் கிடைக்கும் என்று பார்க்க, 7200-ஐத் தடிப்பாலும் அகலத்தாலும் (இரண்டும் அங்குலத்தில்) வகுத்தால் போதும். 2×4 என்றால் 900 அடி. 2×3 என்றாலும் 1×6 என்றாலும் 1200 அடி. 1×2 என்றால் 3600 அடி. இந்தக் கணக்கைப் போடாமல் ஒரு கடையில் டன் விலையும் இன்னொரு கடையில் அடி விலையும் கேட்டுவிட்டு, எது மலிவு என்று தலையைச் சொறிகிறவர்கள் நிறையப் பேர்.

எடை தனி விவகாரம். 1 டன் செங்கால் (கனமான காட்டுமரம்), நன்றாகக் காய்ந்திருந்தாலும் 1,300 கிலோவைத் தொடும். பச்சையாக இருந்தால் இன்னும் கூடும். லேசான மெராந்தி அதில் பாதியைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். "ஒரு டன்தானே" என்று பிக்அப் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினால் வண்டியின் வில்பட்டைதான் உடையும்.

இன்னொன்று: 2×4 என்பது அறுத்த அளவு. நான்கு பக்கமும் இழைத்தால் பக்கத்துக்கு ஏறக்குறைய அரைக்கால் அங்குலம் போய், 1¾×3¾ கையில் வரும். நிலைக்கு ஆர்டர் கொடுக்கும்போது இழைத்த பிறகு எவ்வளவு வேண்டும் என்று சொல்ல வேண்டும்.

துளை விழுந்த செங்காலை ஒதுக்கிவிட்டு, வெள்ளை ஓடிய பலகையை எடுப்பது

செங்கால் பலகையில் ஊசி நுழைகிற அளவுக்குத் துளைகள் இருக்கும். பார்த்ததும் "உளுத்துப்போன மரம்" என்று தள்ளிவிடுவார்கள். அந்தத் துளை மரம் காட்டில் நின்றபோதோ, வெட்டிய கட்டை ஈரமாகக் கிடந்தபோதோ வண்டு போட்டது. மரம் காய்ந்தால் அந்த வண்டு பிழைக்காது. துளையின் ஓரம் கறுத்திருந்து, தட்டினால் தூள் கொட்டாவிட்டால் பயமில்லை. தட்டியதும் மாவு மாதிரி வெளிர்த்தூள் கொட்டினால் அது வேறு பூச்சி, உயிரோடு இருக்கிறது. அந்தப் பலகையைக் கடைக்குள்ளேயே வைக்கக் கூடாது.

துளை இல்லாத "சுத்தமான" பலகை என்று அவர்கள் பொறுக்கி எடுப்பதில், ஒரு ஓரமாக வெளிறிய பட்டை ஓடியிருக்கும். அது வைரம் பாயாத வெளிமரம். செங்காலோ பாலாவோ மெர்பாவோ, எதுவானாலும் வைரத்துக்குத்தான் (முற்றிய நடுமரத்துக்குத்தான்) ஆயுள். வெளிமரத்தை ஓரிரு ஆண்டில் உளு தின்றுவிடும்.

எந்த இடத்துக்கு என்று சொல்லாமல் மரம் கேட்பது

மழை படுகிற இடத்துக்குச் செங்கால், பாலாவ். கெம்பாஸ் கல் மாதிரி கனக்கும், ஆனால் மருந்து ஏற்றாவிட்டால் கரையான் விடாது. கனமான மரமெல்லாம் கரையானைத் தாங்கும் என்பது தப்புக் கணக்கு. கெருயிங்கில் பிசின் இருக்கிறது, வெயில் பட்டால் சாயத்தைத் துளைத்துக்கொண்டு வெளியே கசியும். ஞாத்தோ உள்வேலைக்கு நல்ல மரம். இழைக்கிறவர் முகமூடி போட்டுக்கொள்ளட்டும், தூள் மூக்கையும் தொண்டையையும் அறுக்கும்.

மெர்பாவ் வாங்குகிற கோயில் கமிட்டிக்காரர்களுக்குத் தனியாக ஒன்று. மெர்பாவ் ஆட்டம் குறைந்த மரம், கதவுக்கு நல்லது. ஆனால் தண்ணீர் பட்டால் பழுப்புச் சாயம் இறங்கும். வெளிவாசலில் மாட்டினால் முதல் சில மழைக்குப் படிக்கட்டும் வெள்ளைச் சுவரும் தேநீர் கொட்டிய நிறத்துக்கு வந்துவிடும். மாட்டுவதற்கு முன்பே சில வாரம் மழையில் நனையவிட்டு, காயவைத்து, அதன் பிறகு பூச்சு அடிக்க வேண்டும். இரும்பு ஆணி கூடாது, சுற்றிலும் கறுப்பு மை இறங்கும். பித்தளை அல்லது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்.

ஈரத்தோடு அடிப்பது

சொல்லிச் சொல்லி அலுத்த தவறு இதுதான். அதிகமாகக் காசைத் தின்பதும் இதுதான்.

நடப்பது இப்படி. தீபாவளிக்கு வீடு தயாராக வேண்டும். செப்டம்பரில் சுவர் பூச்சு முடிகிறது. அக்டோபரில் பேராக்கில் தினம் சாயங்காலம் மழை. லோரியில் வந்த மோல்டிங்கைத் தார்ப்பாயில் சுற்றிக் கார் நிறுத்துமிடத்தில் போடுவார்கள், அல்லது புதுச் சுவரில் சாய்த்து வைப்பார்கள். தீபாவளிக்கு ஒரு வாரம் இருக்கும்போது அவசரமாக அடித்து, சாயம் பூசி, சாவியைக் கொடுத்துவிட்டுப் போவார்கள். தீபாவளியன்று பார்த்தால் மூலைகள் கத்தியால் கீறிய கோடு மாதிரி இருக்கும். ஜனவரி, பிப்ரவரியில் மழை குறைகிறது. அறையில் ஏர்கோன் ஓடுகிறது. மரம் தன் ஈரத்தை விட்டுச் சுருங்குகிறது.

எவ்வளவு சுருங்கும் என்பதற்குக் கணக்கு உண்டு. மரம் நீளவாக்கில் சுருங்குவது சொற்பம், அகலவாக்கில்தான் சுருங்கும். மெராந்தி மாதிரி மரத்தில் தட்டையாக அறுத்த பலகை, ஈரம் 1 சதவீதம் குறையும்போது அகலத்தில் சுமார் கால் சதவீதம் சுருங்கும். நம் ஊரில் காற்றோட்டமான நிழலில் கிடக்கிற மரத்தின் ஈரம் 15, 16 சதவீதத்தில் நிற்கும். மழைக்காலத்தில் புதுச் சுவரை ஒட்டிக் கிடந்தால் 18-ஐத் தாண்டும். நாள் முழுக்க ஏர்கோன் ஓடும் அறையில் அது 10 முதல் 12-க்கு இறங்கும். 100 மில்லிமீட்டர் அகல மோல்டிங், 18-லிருந்து 11-க்கு இறங்கினால் 1¾ மில்லிமீட்டர் குறுகுகிறது. 45 பாகையில் சேர்த்த மூலையில், வெளிமுனை ஒட்டியபடி இருக்க, உள்முனையில் ஏறக்குறைய 2½ மில்லிமீட்டர் திறக்கும். இருபது காசு நாணயம் தாராளமாக நுழையும்.

விரிசல் எந்தப் பக்கம் என்று பார்த்தாலே காரணம் தெரிந்துவிடும். மூலையின் உள்முனை திறந்திருந்தால், ஈரமாக அடித்த மரம் பின்னால் காய்ந்திருக்கிறது. வெளிமுனை திறந்திருந்தால், அதிகம் காய்ந்த மரம் அடித்த பிறகு ஈரத்தை இழுத்து உப்பியிருக்கிறது. உள்ளிருந்து வெளிவரை ஒரே அளவு இடைவெளி என்றால் அது வெட்டின கையின் குறை; மரத்தைத் திட்டிப் பயனில்லை.

ஒரு தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) பார்த்தது: ஒரே வீடு, ஒரே லோரியில் வந்த மோல்டிங், ஒரே ஆள் அடித்தது. முன்கூடத்தில் ஒரு மூலைகூடத் திறக்கவில்லை. ஏர்கோன் போட்ட இரண்டு படுக்கையறையிலும் எல்லா மூலையும் உள்பக்கம் திறந்திருந்தன. கொண்ட்ராக்டர் அப்போதும் "பலகை மட்டமான சரக்கு" என்றுதான் சொன்னார். எரிச்சல் இங்கேதான். கண்ணுக்கு முன்னால் சாட்சி நிற்கிறது, பார்க்க மாட்டேன் என்கிறார்.

"சூளையில் காய்ந்த மரம் வாங்கினேனே" என்பது அடுத்த வாதம். சூளை மரத்துக்குக் கொடுக்கிற நிலை நிரந்தரம் இல்லை. 10 சதவீதத்தில் வெளியே வந்த மரம், திறந்த கொட்டகையில் சில வாரம் கிடந்தால் காற்றிலிருந்து ஈரத்தை வாங்கிக்கொண்டு 15-ஐ நெருங்கிவிடும். ஆகவே கேட்க வேண்டியது, சூளையிலிருந்து எப்போது வந்தது, அதன் பிறகு பிளாஸ்டிக் சுற்றி வைத்திருந்தார்களா என்பதைத்தான்.

செய்ய வேண்டிய வரிசை இது:

முதலில் சுவர். இரண்டடிக்கு இரண்டடி பிளாஸ்டிக் தாளை நான்கு ஓரமும் டேப் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். உள்பக்கம் நீர் முத்து கோத்திருந்தால் சுவர் தயாராகவில்லை, மரத்தை வீட்டுக்குள்ளேயே கொண்டுவர வேண்டாம்.

சுவர் காய்ந்த பிறகு, மோல்டிங்கை அது போகப்போகிற அறையிலேயே அடுக்குங்கள். தரையில் நேராக வைக்காமல், 1 அங்குலக் குறுக்குக் கட்டைகளை ஒன்றரை அடிக்கு ஒன்றாகப் போட்டு, ஒவ்வோர் அடுக்குக்கும் நடுவே அதே இடத்தில் கட்டை வைத்து அடுக்க வேண்டும். குறுக்குக் கட்டைகள் மேலும் கீழும் ஒரே கோட்டில் நிற்காவிட்டால் மோல்டிங் அலை அலையாக வளையும். ஏர்கோன் அறையென்றால், குடியிருப்பவர் போடுகிற மாதிரியே ஏர்கோனைப் போட்டு வையுங்கள். குறைந்தது இரண்டு வாரம். மின்சாரக் கட்டணத்துக்கு அழுகிறவர்கள், பிரித்து மறுபடி அடிக்கிற கூலியையும் ஒரு முறை கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

பிறகு ஈரமானி. முனையிலிருந்து ஓர் அடி தள்ளிக் குத்துங்கள், முனை எப்போதும் முதலில் காய்ந்துவிடும். பத்துக்கு ஒன்று என்று பல துண்டுகளில் பாருங்கள். மீட்டரில் மர வகைக்கான திருத்தம் உண்டு, அதைப் போடாமல் படித்தால் எண் பொய் சொல்லும். உப்பு மருந்து ஏற்றிய மரத்தில் உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டும்.

மீட்டர் இல்லாதவர்களுக்கு அடுப்பும் தராசும் போதும். 1×4 பலகையில் முனையைத் தள்ளி, 1 அங்குல நீளத்தில் ஐந்து துண்டு அறுத்து மொத்தமாக நிறுக்கவும். 100 முதல் 105 பாகைச் சூட்டில் ஓவனில் வைத்து, எடை மேலும் குறையாமல் நிற்கும் வரை சில மணிக்கு ஒரு தடவை எடுத்து நிறுக்கவும். 236 கிராம் இருந்தது 200-ல் நின்றால், போன 36-ஐ 200-ஆல் வகுத்தால் 18 சதவீதம். காய்ந்த எடையால்தான் வகுக்க வேண்டும்.

அடிக்கும்போது ஈரம் ஏர்கோன் அறைக்கு 12 சதவீதத்துக்குள், மற்ற அறைக்கு 14 முதல் 16. அடிப்பதற்கு முன் பின்பக்கத்துக்கும் அறுத்த முனைக்கும் ஒரு கோட் அடித்துவிடுங்கள். முன்பக்கம் மட்டும் பூச்சு இருந்தால் பின்பக்கம் தனியாக ஈரம் இழுத்துப் பலகை குழியும். நம் வீடுகளில் தரையை வாளித் தண்ணீர் ஊற்றித்தான் கழுவுகிறார்கள். ஸ்கர்ட்டிங்கின் (சுவரின் அடியில் ஓடும் பலகையின்) அடி விளிம்புக்கு இரண்டு கோட் கொடுங்கள். எம்.டி.எஃப். (மர நாரை அழுத்திச் செய்த பலகை) ஸ்கர்ட்டிங் அந்தத் தண்ணீரில் ரொட்டியாக ஊறிவிடும்.

ஏற்கெனவே திறந்துவிட்டதா? பிப்ரவரியில் கெட்டியான ஃபில்லரை அழுத்தி அடைக்காதீர்கள். அக்டோபரில் மரம் திரும்ப உப்பும்போது அடைத்தது நகராமல் நின்று மூலையைத் தள்ளும், ஆணி கிளம்பும். நெளியக்கூடிய காக் (இடைவெளி அடைக்கிற பசை) போட்டு மேலே சாயம் அடிக்கலாம். வார்னிஷ் வேலை என்றால் கழற்றி, காய்ந்த நிலையிலேயே புதிதாக வெட்டிச் சேர்ப்பதுதான் வழி.

கித்தா (ரப்பர்) மரம் சும்மா கிடைக்கிறது என்று அறுப்பது

மறுநடவுக்காக 25, 30 வயது கித்தா மரங்களைச் சாய்க்கும்போது, "நாலு கட்டை எடுத்து மேசை செய்யலாமே" என்று யாருக்கும் தோன்றும். செய்யலாம், அழகான மரம். ஆனால் அதில் மாவுச்சத்து அதிகம். பூஞ்சணமும் உளுவும் வரிசை கட்டி வரும். சாய்த்த மூன்று நாளுக்குள் அறுக்க வேண்டும், அறுத்த 24 மணி நேரத்துக்குள் போரக்ஸ், போரிக் ஆசிட் கலந்த மருந்து ஏற்ற வேண்டும். சனிக்கிழமை அறுத்துவிட்டுத் திங்கட்கிழமை பார்த்தால் பலகை நீலம் பாரித்திருக்கும், அந்தக் கறை இழைத்தாலும் போகாது. தூரிகையால் மேலாகத் தடவுவது மருந்து ஏற்றுவது ஆகாது; ஆலையில் அழுத்தம் கொடுத்து உள்ளே செலுத்துகிறார்கள். அந்த மருந்தும் மழையில் கரைந்து போய்விடும், ஆகவே கித்தா மரம் வாசலுக்கு வெளியே கூடாது.

மூலை 90 பாகை என்று நம்புவது

இருக்காது. கோணத்தை அளந்து, அதில் பாதிக் கோணத்தில் வெட்டுங்கள்.

செங்காலில் துளையிடாமல் ஆணி அடிப்பது

பிளக்கும். ஆணித் தடிப்பில் முக்காலுக்குக் கொஞ்சம் மேல் துளை போடுங்கள்.

மோல்டிங்கை அளவாக ஆர்டர் செய்வது

அறையின் சுற்றளவைக் கூட்டி அப்படியே எழுதிக்கொண்டு வருவார்கள். மூலை வெட்டில் போவது, முனை வெடித்துப் போவது, தவறாக அறுப்பது எல்லாம் சேர்த்து 10 சதவீதம் கூடுதலாக வேண்டும். நெளிவு நிறைந்த சீலிங் மோல்டிங்குக்கு 15 சதவீதம். மீதி துண்டாகக் கிடந்தால் நஷ்டமில்லை. குறைந்துபோய் இரண்டாம் தடவை வந்தால்தான் சிக்கல்: மோல்டிங்கை வார்க்கிற கத்தியை ஒவ்வொரு தடவையும் தீட்டுகிறார்கள். தீட்டிய கத்தியில் வளைவு மயிரிழை மாறும். தனியாகப் பார்த்தால் தெரியாது, பழைய துண்டோடு முனைக்கு முனை சேர்த்தால் விரல் தட்டும். ஆகவே முழு வீட்டுக்கும் ஒரே ஓட்டத்தில் வார்த்து வாங்குங்கள். முடியாவிட்டால் முதல் ஓட்டத்தை வரவேற்பறைக்கும், அடுத்ததைப் படுக்கையறைக்கும் பிரித்துக்கொள்ளுங்கள். ஒரே சுவரில் இரண்டையும் கலக்காதீர்கள். மாதிரி காட்ட ஓரடித் துண்டு ஒன்றை எடுத்து வையுங்கள். கைப்பேசிப் படத்தைப் பார்த்து யாராலும் கத்தி தீட்ட முடியாது.